மார்பகக் கட்டி பயாப்ஸி: ரிப்போர்ட்டுக்காக இந்த லேபுக்குப் போகலாம், ரத்த வகை பேக்கேஜுக்காகப் போகாதீர்கள்

அக்காவின் மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த திசுவை மதுரையில் ஒரு தனியார் லேபில் கொடுத்தோம். பெயரைச் சொல்லவில்லை. திசு பார்க்கும் வேலையில் அவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே மரியாதை உண்டு.

ஊசி போட்டுத் திசு எடுத்ததும் எத்தனை மணிக்கு ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட்டார்கள் என்பதை டப்பா மேலேயே எழுதினார்கள், ரிப்போர்ட்டிலும் அது வந்தது. சின்ன விஷயம் இல்லை இது. ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறைந்தாலோ 72 மணி நேரத்தைத் தாண்டினாலோ, அப்புறம் பார்க்கிற ஹார்மோன் ஏற்பி (கட்டி ஹார்மோனால் வளர்கிறதா என்று காட்டும் புரதம்) முடிவை நம்ப முடியாமல் போகலாம்.

வந்தது லோபுலர் வகைப் புற்றுநோய், அதாவது பால் சுரக்கும் பகுதியில் தொடங்குவது. மார்பகப் புற்றுநோயில் 100-க்கு 70, 80 பேருக்கு இருப்பது பால் குழாயில் தொடங்கும் டக்டல் வகை, லோபுலர் 10 முதல் 15 பேருக்குத்தான். அங்கிருந்த பெண் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடைக் காட்டினார்: செல்கள் எறும்பு வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன, ஏனென்றால் ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேதரின் என்ற புரதம் அவற்றில் இல்லை, அதனால்தான் இந்த வகை பல நேரம் கெட்டியான கட்டியாகத் தட்டுப்படுவதில்லை, மேமோகிராமிலும் தப்பிவிடுகிறது என்று பொறுமையாகச் சொன்னார். ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் பாசிட்டிவ். செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் மட்டும் 2+, அதாவது இரண்டும்கெட்டான். அதை இஷ்டத்துக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று எழுதாமல் ஃபிஷ் டெஸ்ட் (ஹெர்2 மரபணு கூடுதலாக இருக்கிறதா என்று எண்ணும் சோதனை) கட்டாயம் பார்க்க வேண்டும் என்று அவர்களே எழுதியிருந்தார்கள்.

இவ்வளவு நன்றாகச் செய்கிறவர்கள், பில் கவுன்டரில் போய் "ரத்த வகைப்படி புற்றுநோய் அபாயம்" என்று ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள், கூடவே உணவுப் பட்டியல் வேறு. ஏ வகைக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் வரும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. அக்கா ஏ பாசிட்டிவ், அம்மாவும் ஏ. அம்மா அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

ரத்த வகைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏ வகையினருக்கு வயிற்றுப் புற்றுநோய் சற்றுக் கூடுதல் என்று 1953-லேயே பிரிட்டனில் கண்டார்கள், கணையப் புற்றுநோய் ஓ வகையினருக்குக் கொஞ்சம் குறைவு. மார்பகத்தில் கதை வேறு. சில சின்ன ஆய்வுகள் ஏ வகையைக் கைகாட்டுகின்றன, ஆனால் அமெரிக்க செவிலியர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான பெரிய ஆய்வில், நோய் வருவதற்கும் சரி, வந்தபின் பிழைப்பதற்கும் சரி, ரத்த வகையோடு தொடர்பு தெரியவில்லை. நம் ஊரில் ஓ, பி வகைக்காரர்கள்தான் அதிகம், அதனால் இங்கே ஒரு வார்டில் போய் எண்ணினால் அந்த இரண்டும்தான் கூடுதலாக இருக்கும். அதை வைத்து யாரையும் பயமுறுத்தலாமா? அக்காவுக்கு என்ன மருந்து என்பதை முடிவு செய்தது ஈஆரும் பிஆரும் ஹெர்2-வும்தான். ரத்த வகை கேட்டது ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்பாடு செய்வதற்கு மட்டும்.

கவுன்டரில் பேக்கேஜ் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், வற்புறுத்த மாட்டார்கள். திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு உடனே கொடுத்தார்கள், வேறு ஆஸ்பத்திரியில் இரண்டாவது கருத்துக் கேட்க அதுவே போதுமாக இருந்தது, மறுபடி ஊசி போட வேண்டியிருக்கவில்லை.