கயாக்கா, ஜான் போட்டா? லேக் ஃபோர்க்கில் பாஸ் பிடிக்க ஒரு மார்ச் நாள்

டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் லேக் ஃபோர்க். டெக்சஸில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கிற யாரைக் கேட்டாலும் இந்த ஏரியின் பெயரைச் சொல்லாமல் இருக்க மாட்டார். 20 அடி நீளம், 250 குதிரைத்திறன், மினுமினுக்கும் பெயின்ட் என்று வந்து இறங்கும் பெரிய பாஸ் படகுகளுக்கு நடுவே, சின்னப் படகுக்காரருக்கு இரண்டே வழி. காலால் மிதித்து ஓட்டும் கயாக் என்ற ஒல்லியான ஒற்றையாள் படகு ஒன்று. ஜான் போட் என்ற தட்டை அடி கொண்ட 14 அடி அலுமினியப் படகு, பின்னால் 9.9 குதிரைத்திறன் மோட்டார், இது இன்னொன்று. இரண்டிலும் இந்த ஏரியில் மீன் பிடித்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: மார்ச் மாதம், தனி ஆள், காற்று மணிக்கு 10 மைலுக்குள் என்றால் கயாக். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஜான் போட்.

ஏரி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்தக் கணக்குப் பிடிபடும். சபைன் நதி ஆணையம் கட்டிய அணை. 1980-ல் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. பரப்பு சுமார் 27,000 ஏக்கர். மூழ்கப்போகிற மரங்களைப் பெருமளவு வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் பட்ட மரங்கள் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல் அரை அடி ஆழத்தில் காத்திருக்கும் அடிக்கட்டைகளும் ஏராளம். கூடவே ஃப்ளோரிடா வகை லார்ஜ்மவுத் பாஸ் குஞ்சுகளை விட்டு வளர்த்தார்கள். 1992 ஜனவரியில் பேரி செயின்ட் கிளேர் இங்கே பிடித்த 18.18 பவுண்டு மீன், எட்டு கிலோவுக்கு மேல், இன்றும் மாநிலச் சாதனையாக நிற்கிறது. லூர் (செயற்கை இரை) வாங்கியே சம்பளத்தைக் கரைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்த மீன் சிக்கியது உயிருள்ள பொடிமீன் கோத்த தூண்டிலில். அதுவும் கிராப்பி என்ற வேறொரு சின்ன மீனுக்காகப் போட்டது.

மார்ச்சில் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கும்போது பாஸ் ஆழத்தை விட்டு ஓடைகளின் கடைக்கோடிக்கு வரும். டேல் கிரீக், பர்ச் கிரீக் போன்ற கிளைகளின் மூலைமுடுக்கில், இடுப்பளவுத் தண்ணீரில், ஆண் மீன் வாலால் அடித்துத் தரையைச் சுத்தம் செய்து குழி பறிக்கும். பெண் முட்டையிட்டு நகர்ந்துவிடும். ஆண் அங்கேயே காவல் நிற்கும். நம் ஊரில் குஞ்சுக்கூட்டத்துக்குக் கீழே விரால் காவல் நிற்பதைக் கண்மாயில் பார்த்தவர்களுக்கு இந்தக் குணம் புதிதில்லை. தவளை லூரைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் பாயும்.

ஆக, மார்ச்சில் மீன் இருக்கும் இடம் பெரிய படகு நுழைய யோசிக்கும் இடம். கயாக்கின் மவுசு இங்கேதான். மிதிகருவியின் துடுப்புகளை மடித்து அடியோடு ஒட்டிவிட்டால் அரை அடித் தண்ணீர் போதும். அடிக்கட்டையில் முட்டினாலும் பிளாஸ்டிக் உடம்பு ‘தொப்’ என்று ஒரு சத்தத்தோடு வழுக்கிப் போய்விடும். ஜான் போட்டும் தட்டையான அடிதான், அதுவும் ஆழமில்லாத இடத்துக்குப் போகும். ஆனால் அலுமினியம் பேசும். குறடு ஒன்று கைதவறி விழுந்தால் போதும், சுற்றிலும் ஆழமில்லாத தண்ணீரில் நிற்கிற மீனுக்குத் தந்தி அடித்த மாதிரி. இதற்காகவே தரை முழுக்கக் கார்பெட் ஒட்டுவார்கள். ஒட்டினால் சத்தம் குறையுமே தவிர அடங்காது.

கயாக்கில் மீன் மாட்டியபின் நடப்பதுதான் பெரிய வித்தியாசம். பட்ட மரத்தின் அடிவேரை ஒட்டி டெக்சஸ் ரிக்கில், அதாவது முள்முனை புழுவுக்குள்ளேயே மறையும்படி, கோத்த பிளாஸ்டிக் புழுவை இறக்குகிறீர்கள். நூலில் இரண்டு சுண்டு, ‘டக் டக்’. படகில் நிற்கிறவர் ராடைத் தலைக்கு மேல் வீசி முள்ளை ஏற்றுவார். கயாக்கில் உட்கார்ந்தபடி அப்படி இழுத்தால் பாதி விசை வீணாகும். பக்கவாட்டில், இடுப்பைத் திருப்பி இழுக்க வேண்டும். நீங்கள் மீனை இழுக்கிற அதே நேரம் மீனும் உங்களை இழுக்கும். ஐந்து பவுண்டு மீன் ஒன்று ஆளோடு சேர்த்துக் கயாக்கை மரக்கூட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சொருகிவிடும். ஒரு கையில் ராட், இன்னொரு கையில் சுக்கான், கால் பின்னோக்கி மிதித்துக்கொண்டிருக்கும். மெல்லிய நைலான் நூலெல்லாம் இங்கே கதைக்கு உதவாது. பின்னல் நூல் போடுங்கள். பட்ட மரக்கிளையைக் கையால் பிடித்து நிறுத்தலாம் என்று நினைத்தால் முதலில் குளவிக்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

இவ்வளவு தொல்லையும் எனக்குப் பிடித்தே இருக்கிறது. ஜான் போட்டில் பிடித்த ஐந்து பவுண்டு மீனை விட கயாக்கில் பிடித்த மூன்று பவுண்டு மீன் நினைவில் நிற்கிறது என்றால், காரணம் இந்த இழுபறிதான். பிடித்ததை அளப்பதும் கயாக்கில் ஒரு தனிக்கலை. மடிமேல் அளவுப்பலகை, மீனின் மூடிய வாய் பலகையின் முனைத்தடுப்பில் முட்ட வேண்டும், இடது கை செவுளுக்குப் பின்னால், வலது கையில் போன். அது துள்ளுவதற்குள் படம். கயாக் போட்டிகளில் எடை போடுவதில்லை, இந்த அங்குலக் கணக்குதான். போட்டி இல்லாவிட்டாலும் பலகை வேண்டும்: லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கு மேலும் 24 அங்குலத்துக்குக் குறைவாகவும் உள்ள பாஸை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, உடனே தண்ணீரில் விட வேண்டும்.

இனி காற்று. கயாக்கின் பெருமை எல்லாம் காலை பத்து மணி வரைதான் என்று சொன்னால் மிகையில்லை. வசந்த காலத்தில் இங்கே தென்காற்று வெயில் ஏற ஏற வலுக்கும். அணை தெற்கே, கிளைகள் வடக்கே நீள்கின்றன. காலையில் முதுகில் தட்டிக் கூட்டிக்கொண்டு போன காற்று, மதியம் திரும்பும்போது முகத்துக்கு நேரே நிற்கும். மிதிக் கயாக்கின் சாவகாச வேகம் மணிக்கு மூன்று, நான்கு மைல். எதிர்க்காற்றில் அதிலும் பாதி போய்விடும். மார்ச் தண்ணீர் குளிர்ந்த தண்ணீர். கவிழ்ந்தால் முதல் நிமிஷத்தில் மூச்சு வாங்குவதே பெரும்பாடு. லைஃப் ஜாக்கெட்டைச் சீட்டுக்குப் பின்னால் செருகி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஜான் போட் இங்கே ஜெயிக்கிறது. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மணிக்குப் பதினைந்து மைல் தாராளமாகப் போகும். ஒரு ஓடையில் மீன் இல்லை என்றால் அடுத்த ஓடைக்குப் பத்து நிமிஷம். கயாக்கில் அது ஒரு மணி நேர மிதி. ஜிபிஎஸ்ஸோடு கூடிய மின்மோட்டாரை முன்னால் மாட்டினால் ஒரு பொத்தானில் நின்ற இடத்தில் நிற்கும், காற்று தள்ளாது. தட்டை அடி என்பதால் அலையில் இடுப்பெலும்பு கழலுகிற மாதிரி அடிக்கும், அது உண்மை. மிதவை நட்ட படகுவழியை விட்டு விலகி மோட்டாரைப் போட்டால் அடிக்கட்டை விசிறியைப் பதம் பார்க்கும், அதுவும் உண்மை. ஆனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக இது ஒன்றுதான் சரிப்படும். 13 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்த அளவுப் படகில் லைஃப் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

சட்டம் என்றதும் ஒன்று. மோட்டார் இல்லாத கயாக்குக்கு டெக்சஸில் பதிவு தேவையில்லை. சின்ன மின்மோட்டார் மாட்டிவிட்டால் அதுவும் மோட்டார் படகு, பதிவெண் ஒட்ட வேண்டும். காற்றுக்குப் பயந்து கயாக்கில் மோட்டாரும் பேட்டரியும் ஏற்றுகிறவர்கள் கடைசியில் ஜான் போட்டின் தொல்லைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு அதன் இடவசதியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். 9.9 மோட்டாருக்குப் படகுப் பயிற்சிச் சான்று வேண்டாம். 15 குதிரைத்திறனைத் தாண்டினால், 1993 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேண்டும்.

கைடு வைத்துக்கொண்டு பெரிய படகில் போவதைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு நாளுக்குப் பல நூறு டாலர் ஆகும். முதல் முறை ஏரியைப் புரிந்துகொள்ளச் செலவழிக்கலாம். அடிக்கடி என்றால் அந்தப் பணத்தில் சொந்தப் படகே வந்துவிடும். பெரிய பாஸ் படகுகள் செய்யும் ஸ்கீட்டர் கம்பெனியின் முதல் படகு 1948-ல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் பிறந்தபோது அதுவும் சின்னப் படகுதான். இன்று அதே கம்பெனி லேக் ஃபோர்க்குக்குப் பக்கத்திலேயே, கில்கோரில், வீட்டு விலையில் படகு செய்கிறது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? மார்ச்சில் கயாக் ஜெயித்தாலும், வருஷம் முழுக்கப் பார்த்தால் பழைய ஜான் போட் ஒன்றை டிரெய்லரோடு வாங்கச் சொல்வேன். புதுசாக ஒரு நல்ல மிதிக் கயாக் வாங்கும் பணத்துக்கு அதுவே கிடைக்கும். வாங்கும் முன் இரண்டு சோதனை. மோட்டார் மாட்டும் பின்பலகையை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே மரம் உளுத்திருந்தால் மெத்தென்று இறங்கும். அடுத்து, வடிகால் அடைப்பை மாட்டி, டிரெய்லரில் இருக்கும்போதே தோட்டக்குழாயால் ஒரு சாண் தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள். கீழே குனிந்து ரிவெட் வரிசையைப் பார்த்தால் எங்கெங்கே சொட்டுகிறது என்று தெரியும். நாலைந்து இடம் என்றால் பசை போட்டு அடைத்துக்கொள்ளலாம், விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். தண்ணீர் ஊற்ற விடமாட்டேன் என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.