மெட்ரோவுக்குக் கேட்ட பணமும் பூங்காவுக்குக் கேட்ட பணமும்

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய், நீளம் 118.9 கிலோமீட்டர். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 2021-22 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. ஆனால் மாநில அரசு கேட்ட மத்திய நிதிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது 2024 அக்டோபரில்தான். நடுவில் மாநில அரசே பெரும் சுமையைத் தாங்க, வெளிநாட்டு வங்கிக் கடனில் வேலை ஓடியது. அந்த இழுபறி நாள்தோறும் செய்தியானது. யார் தரவில்லை என்று பேருந்தில் போகிறவருக்கும் தெரிந்தது.

பூங்காவுக்கான கோரிக்கையில் அந்தச் சத்தம் இல்லை. நகரங்களின் அடிப்படை வசதிகளுக்காக மத்திய அரசு 2015ல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் பசுமைவெளிகளுக்கு ஒதுக்கியது அதிகபட்சம் இரண்டரை சதவீதம். குடிநீர், கழிவுநீர், அப்புறம் மிச்சம் இருந்தால் ஊஞ்சல். தொகை சிறியது என்பதால் அனுமதி சுலபம்; ஆனால் திறப்பு விழாவுக்குப் பின் தண்ணீர் ஊற்றுவதும் காவலாளி சம்பளமும் மாநகராட்சி தலையில்.

இரண்டும் மோதும் இடம் சென்னை ஷெனாய் நகர். அங்கே திரு.வி.க. பூங்காவின் அடியில் மெட்ரோ நிலையம் கட்டினார்கள். மரங்கள் போயின. பூங்கா மீண்டும் திறக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. ரயில் அதற்கு வெகுமுன்பே ஓடத் தொடங்கிவிட்டது.

என்னைக் கேட்டால், மெட்ரோவுக்கே முதல் பணம். ஆனால் தோண்டிய பூங்காவை மீட்கும் செலவையும், காலக்கெடுவையும் அதே மதிப்பீட்டில் எழுதித்தான் கேட்க வேண்டும்.