கம்யூனிட்டி காலேஜா, நேரடியாக யூனிவர்சிட்டியா? ஒரே வீட்டில் இரண்டு வழி

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னதும் பாளையங்கோட்டைப் பெரியம்மா போனில் கேட்ட முதல் கேள்வி: "அது எந்தக் கம்யூனிட்டிக்கு உள்ள காலேஜ்டி? நம்மளச் சேப்பாங்களா?" நம் ஊரில் அந்தச் சொல் சாதிச் சான்றிதழோடு ஒட்டியே புழங்குகிறது, அவர் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. சாதியெல்லாம் கிடையாது, முதல் இரண்டு வருடப் பாடத்தைக் குறைந்த செலவில் படித்துவிட்டு யூனிவர்சிட்டிக்கு மாறும் அரசுக் கல்லூரி, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று விளக்கினேன். "யாரு வேணா சேரலாம்னா அது என்ன காலேஜ்?" என்றார். இங்கே பல வருடமாக இருக்கும் நம்மவர்களும் அந்த இரண்டாவது கேள்வியைத்தான் வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள்.

இப்போது மாமாவின் கடைசி மகன் ஹைஸ்கூல் முடிக்கப் போகிறான். அவனுக்கு ஒரு யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) வளாகத்தில் நேரடியாக இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அவன் கேட்ட சிவில் இன்ஜினியரிங் இல்லை, வேறு பாடம். வீட்டிலிருந்து 20 நிமிடத்தில் கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறது. "மதினி, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான். அவனுடைய அக்கா நேரடியாக யூசியில் சேர்ந்து நாலு வருடத்தில் முடித்தவள். நான் கம்யூனிட்டி காலேஜில் மூன்று வருடம் இருந்துவிட்டு யூசிக்கு மாறியவள். ஒரே வீட்டுக்குள் இரண்டு வழியும் இருப்பதால், அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் கம்யூனிட்டி காலேஜ் பக்கம் சாய்கிறவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்யூனிட்டி காலேஜில், கலிபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். மாறுவதற்கு வேண்டிய 60 யூனிட்டுக்கு மொத்தம் 2,760 டாலர். யூசியில் ஒரு வருடக் கட்டணம் மட்டுமே 14,000 டாலரைத் தாண்டும், விடுதியும் சாப்பாடும் தனி. அதே சமயம், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யூசியே கல்விக் கட்டணத்தை முழுக்க ஏற்றுக்கொள்ளும் திட்டம் இருக்கிறது. நான் விண்ணப்பித்த காலத்தில் அதற்கு வரம்பு ஆண்டுக்கு 80,000 டாலர் வருமானம். அதனால் எல்லா வீட்டுக்கும் வித்தியாசம் ஒரே அளவு இருக்காது. மாமா வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, அவர்களுக்கு வித்தியாசம் பெரியது.

புதிதாகக் குடிவருபவர்களுக்கு இன்னொரு விஷயம். அந்த 46 டாலர் கட்டணத்துக்கு, செமஸ்டர் தொடங்கும் முன்பே கலிபோர்னியாவில் ஒரு வருடமும் ஒரு நாளும் குடியிருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் யூனிட்டுக்குப் பல மடங்கு. நாங்கள் கிரீன் கார்டில் வந்தது 2018 கோடையில். நான் ஒரு வருடம் கடையில் பில் போட்டுக்கொண்டு காத்திருந்து 2019 ஆகஸ்டில்தான் சேர்ந்தேன். அந்த ஒரு வருடத்தில் காதுக்கு இந்த ஊர் ஆங்கிலம் பழகியது, அதுவும் லாபம்தான்.

வகுப்பறை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் தரத்தைச் சந்தேகப்படுவது இங்கேதான். என் முதல் கால்குலஸ் வகுப்பில் 35 பேர். ஒரு பக்கம் ராணுவத்திலிருந்து திரும்பியவர், இன்னொரு பக்கம் இரவு முழுக்கக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு நேராக வந்து உட்காரும் பையன், முன்வரிசையில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பாடம் எடுத்தவருக்கு வேலையே பாடம் எடுப்பதுதான், ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டிய நெருக்கடி இல்லை. செயின் ரூலில் நான் எங்கே தடுமாறுகிறேன் என்று என் விடைத்தாளைப் பார்த்தே சொல்வார். மாமா மகள் அதே பாடத்தை 300 பேருக்கு மேல் உட்காரும் அரங்கில் படித்தாள். பேராசிரியரிடம் நேரில் பேசியது ஒரே ஒரு தடவை. சந்தேகமெல்லாம் டீச்சிங் அசிஸ்டன்ட் என்னும் முதுகலை மாணவரிடம்தான். முதல் இரண்டு வருடப் பாடத்தை யார் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றால் எங்கள் காலேஜ்தான் என்பேன். இதை அவளே ஒத்துக்கொள்கிறாள்.

குறை இல்லாமல் இல்லை. எங்கள் ஆசிரியர்களில் பலர் பகுதி நேரம். ஒரு ஆங்கில ஆசிரியை மூன்று காலேஜ்களில் வகுப்பு எடுத்துக்கொண்டு, ஃப்ரீவேயிலேயே பாதி நாளைக் கழித்தார். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் வகுப்பு முடிந்த பத்து நிமிடத்துக்குள் பிடிக்க வேண்டும். வேண்டிய வகுப்பு நிரம்பிவிட்டால் வெயிட்லிஸ்ட். முதல் நாள் சுவரோரம் நின்று, யாராவது விலகினால் வகுப்பில் சேர ஆசிரியர் தரும் ஆட் கோடுக்காகக் காத்திருந்திருக்கிறேன். பெரும்பாலான காலேஜ்களில் விடுதி கிடையாது. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடிவிடுவார்கள். மாமா மகளுக்கு விடுதியில் கிடைத்த சிநேகிதிகள் இன்றைக்கும் கூட இருக்கிறார்கள். எனக்கு அப்படி அமையவில்லை. அந்த இழப்பு உண்மையானது, பணத்தால் ஈடுகட்ட முடியாதது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு தட்டு ஏறினால் இன்னொரு தட்டு இறங்கும் கணக்கு. முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: நீங்கள் படித்த யூனிட், நீங்கள் போகும் இடத்தில் செல்லுமா? நம் ஊரில் வீடு வாங்கும் முன் பத்திரமும் பட்டாவும் பார்ப்போமே, அதைப் போலத்தான். விலை மலிவு, காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று வாங்கிவிட்டு வில்லங்கம் பார்க்காமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும்.

அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அமைப்பு 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள், தாங்கள் சேர்த்து வைத்திருந்த கிரெடிட்டில் (யூனிட்டில்) சராசரியாக 43 சதவீதத்தை இழந்திருக்கிறார்கள் என்று அதில் மதிப்பிட்டிருந்தது. அது நாடு முழுவதற்கும், எல்லா வகைக் கல்லூரிகளுக்கும் சேர்த்த கணக்கு. ஒரு செமஸ்டர், சிலருக்கு ஒரு வருடமே அப்படியே கரைந்துபோகிறது. 46 டாலரில் மிச்சம் பிடித்ததைப் பிறகு யூசிக் கட்டணத்தில் கூடுதலாக ஒரு வருடம் கட்டினால் கணக்கு எங்கே நிற்கும்?

கலிபோர்னியாவில் இதற்கு வழி இருக்கிறது. 1960இல் வகுத்த மாஸ்டர் பிளான் என்னும் உயர்கல்வித் திட்டமே, கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி யூசிக்கோ, இன்னொரு அரசுப் பல்கலைக்கழகத் தொகுப்பான கால் ஸ்டேட்டுக்கோ மாறும் பாதையை அடிப்படையாக வைத்தது. அசிஸ்ட் என்று ஓர் இணையதளம் உண்டு. உங்கள் காலேஜ், போக வேண்டிய வளாகம், மேஜர் (முதன்மைப் பாடம்) மூன்றையும் கொடுத்தால், இடது பக்கம் அந்த வளாகம் கேட்கும் பாடம், வலது பக்கம் உங்கள் காலேஜில் அதற்கு ஈடான பாடம் என்று பட்டியல் வரும். அதுதான் நம் பத்திரம். யாரும் வாயால் சொன்னதை நம்பக்கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் செமஸ்டரில் ஒரு கவுன்சிலர் புரோகிராமிங் பாடத்துக்குப் பைத்தானை எடுக்கச் சொன்னார், எடுத்தேன், ஏ வாங்கினேன். நான் போக நினைத்த வளாகத்தின் பட்டியலில் இருந்ததோ மேட்லேப் என்னும் வேறொரு புரோகிராமிங் மொழி. அந்தப் பைத்தான் யூனிட்டாக எண்ணப்பட்டது, மேஜருக்குச் செல்லவில்லை. இரண்டாம் வருடம் மேட்லேபை எடுத்தேன்.

இன்னொரு சிக்கல், தொடர் பாடங்கள். யூசியில் பெர்க்லியும் மெர்சிடும் தவிர மற்ற வளாகங்களில் குவார்ட்டர் முறை, அதாவது பத்து வாரத்துக்கு ஒரு தவணை. பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் செமஸ்டர். ஆகவே இங்கே மூன்று பிசிக்ஸ் சேர்ந்து அங்கே மூன்று பிசிக்ஸுக்கு ஈடு என்று கட்டாகத்தான் ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். என்னோடு படித்த ஒருத்தி முதல் இரண்டை எங்கள் காலேஜிலும், மூன்றாவதை வேறொரு காலேஜிலும் படித்தாள். இரண்டு காலேஜும் அந்த மூன்று பாடத்துக்குள் தலைப்புகளை வேறு வேறு விதமாகப் பிரித்து வைத்திருந்தன. ஒளியியல் இரண்டு தடவை வந்தது, வெப்பவியல் ஒரு தடவைகூட வரவில்லை. யூசியில் ஒன்றைத் திரும்பப் படிக்க வைத்தார்கள். ஒரு தொடரை எங்கே தொடங்கினீர்களோ அங்கேயே முடித்துவிடுங்கள்.

பட்டியலில் சில வரிகளுக்கு எதிரே 'நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்' என்று போட்டிருக்கும். உங்கள் காலேஜில் அதற்கு ஈடான பாடமே இல்லை என்று அர்த்தம். எனக்கு ஸ்டாட்டிக்ஸ் (அசையாமல் நிற்கும் பொருள்கள் மீதான விசைகளைப் பற்றிய பாடம்) அப்படி இருந்தது. பக்கத்து ஊர்க் காலேஜில் அந்தப் பாடம் இருந்தது, ஆனால் வருடத்துக்கு ஒரே ஒரு செமஸ்டர்தான் நடத்துவார்கள். இரண்டு வருடம் மூன்றானதற்கு அதுவும் ஒரு காரணம். பைத்தான் ஒரு காரணம், 2020 மார்ச்சில் எல்லாம் திரைக்குள் போனது ஒரு காரணம். இன்ஜினியரிங்குக்கு மூன்று வருடம் ஆவது அதிசயமில்லை. கால்குலஸ் முடித்தால்தான் பிசிக்ஸ், பிசிக்ஸ் முடித்தால்தான் ஸ்டாட்டிக்ஸ் என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். பொருளாதாரம், உளவியல் மாதிரிப் பாடங்களுக்கு இரண்டு வருடம் தாராளமாகப் போதும்.

ஆங்கிலம், வரலாறு போன்ற பொதுப் பாடங்களை முழுக்க முடித்துவிட்டுத்தான் மாற வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். இன்ஜினியரிங்குக்கு அது பொருந்தாது. மேஜர் பாடங்கள்தான் முன்னால் போக வேண்டும், பொதுப் பாடத்தில் மிச்சத்தைப் போன இடத்தில் முடித்துக்கொள்ளலாம். யூனிட்டுக்கும் ஓர் எல்லை உண்டு: 70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் படித்தால், பாடம் முடித்ததாக யூசி எடுத்துக்கொள்ளும், யூனிட் கணக்கில் ஏற்றாது.

இதையெல்லாம் பார்த்துச் செய்பவர்களுக்குப் பெரிய சலுகை ஒன்று உண்டு. டாக் என்பார்கள், மாறுவதற்கான உத்தரவாதம். டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும் தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ தருவதில்லை. ஒருவர் ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம், செப்டம்பர் மாதம் மட்டும். எல்லா மேஜருக்கும் கிடைக்காது. கேட்ட பாடங்களையும் மதிப்பெண்ணையும் கொண்டுவந்தால் இடம் உறுதி. நேரடியாகச் சேருகிற பிள்ளை கட்டுரை, கிளப், விருது என்று ஹைஸ்கூல் முழுக்க ஓடினாலும் இப்படி ஓர் எழுத்து அவர்கள் கைக்கு வராது. மாமா பையன் விஷயத்தில் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். வேறு மேஜரில் உள்ளே போய்விட்டு, அங்கே இருந்துகொண்டே இன்ஜினியரிங்குக்கு மாறுவது பல யூசி வளாகங்களில் மிகக் கடினம். வெளியிலிருந்து சரியான பாடங்களோடு அந்த மேஜருக்கே விண்ணப்பிப்பது நேர்வழி.

நேரடி வழிக்காகவும் பேச வேண்டும். 2015இல் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்த தேசியக் கணக்கில், ஆறு வருடத்துக்குள் இளங்கலைப் பட்டம் வாங்கியவர்கள் நூற்றுக்குச் சுமார் 16 பேர்தான். வேலை, குடும்பம், கிடைக்காத வகுப்பு, செல்லாத யூனிட் என்று ஒவ்வொன்றாக ஆளைக் கீழே இறக்கும். கேட்க ஆள் இருந்தால்தான் படிக்கிற பிள்ளை என்றால் நேரடி யூனிவர்சிட்டியே நல்லது. அங்கே சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் படிப்பதால் தானும் படிக்கும். கேட்டது கேட்ட மேஜரில் கிடைத்து, பணமும் கைக்கு எட்டினால், அதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வரச் சொல்ல மாட்டேன்.

மாறிப்போன முதல் குவார்ட்டர் எனக்குச் சிரமமாகவே இருந்தது. பத்து வாரம் மூச்சு விடுவதற்குள் போய்விட்டது, மதிப்பெண் சரிந்தது. பழைய காலேஜ் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) யூசி ஜிபிஏவில் சேராது, புதிதாகத் தொடங்கும். அதனால் அந்த ஒரு தவணை ரொம்ப நாள் கண்ணை உறுத்தியது. ஆராய்ச்சிக் கூடத்தில் இடம் பிடிப்பதையும் இன்டர்ன்ஷிப் தேடுவதையும் மாமா மகள் முதல் வருடத்திலேயே தொடங்கிவிட்டாள். எனக்கு வகுப்புக்கு வழி தெரிவதற்குள்ளேயே கம்பெனிகள் வந்து போய்விட்டன. பட்டச் சான்றிதழில் இரண்டு பேருக்கும் ஒரே யூனிவர்சிட்டியின் பெயர்தான், கம்யூனிட்டி காலேஜ் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இந்தியாவிலிருந்து எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இதை அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம். அவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. செமஸ்டருக்கு 12 யூனிட் எடுத்தே ஆக வேண்டும், அதில் ஒரே ஓர் ஆன்லைன் வகுப்புதான் கணக்கில் வரும். என் வெயிட்லிஸ்ட் கதை அவர்களுக்கு நேர்ந்தால் விசாவுக்கே ஆபத்து. நர்சிங் படிப்பவர்களின் பாதையும் வேறு, அதை அந்த வழியில் போனவர்கள்தான் எழுத வேண்டும்.

மாமா பையன் இன்னும் முடிவு சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மூன்று வளாகங்களின் பட்டியலையும் அச்செடுத்துப் பரப்பி, எல்லாவற்றுக்கும் பொதுவான பாடங்களைப் பச்சை மையில் கோடு போட்டோம். மேட்லேப் இந்தத் தடவை எங்கள் காலேஜிலேயே இருக்கிறது. ஸ்டாட்டிக்ஸ் வரிதான் இன்னும் காலி. பக்கத்து ஊர்க் காலேஜ் அதை எந்த செமஸ்டரில் நடத்துகிறது என்று கேட்டு மெயில் போட்டிருக்கிறான்.