கட்டுரை நோட்டு திருத்த ஓர் எபோனைட் பேனா

ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்துவதற்கென்றே, சென்ற ஆண்டு ஜூனில் பள்ளி திறந்த வாரம், சென்னைப் பாரிமுனையில் ஒரு பழைய பேனாக் கடையில், கையால் கடைந்த எபோனைட் மைப்பேனா ஒன்றை 800 ரூபாய்க்கு வாங்கினேன்.

இயற்கை ரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து, நெடுநேரம் சூடேற்றி இறுக்கிய பொருளே எபோனைட். அது உலோகம்போல் சில்லிடுவதில்லை, வியர்த்த விரலில் வழுக்குவதும் இல்லை. இங்க் ஃபில்லரால் பேனாவின் கட்டைக்குள் நேரடியாக மை ஊற்ற வேண்டும். 2 மில்லிலிட்டருக்கு மேல் கொள்வதால் எனக்கு இரு வாரம் வருகிறது.

பால்பாயின்ட் பேனாவில் சரி போட்ட கையோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம். இதில் சிவப்பு மை உலரச் சில நொடிகள் பிடிக்கும். அவசரப்பட்டால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். தொடக்கத்தில் அந்தக் காத்திருப்பு எரிச்சலாகவே இருந்தது. மழையைப் பற்றிய கட்டுரையில் ஒரு மாணவி, 'மழை பெய்தால் எங்கள் பாட்டி தூங்காது, கூரையையே பார்த்துக்கொண்டிருக்கும்' என்று எழுதியிருந்தாள். உயர்திணையான பாட்டிக்கு அஃறிணை வினை வந்ததால், திணை வழு என்று இரண்டு வினைகளையும் வட்டமிட்டேன். வட்டம் உலரும்வரை செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால், அந்த வரியை மறுபடி படித்தேன். உவப்பினால், அதாவது அன்பு மகிழ்ச்சியால், திணை மாறி வருவதை இலக்கண நூலான நன்னூலே வழுவமைதியாக, பிழையென்று தள்ளாமல், ஏற்றுக்கொள்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆண்டுக்கணக்கில் நடத்திவரும் பாடம் அது! ஓரத்தில், 'மழை நின்றபின் பாட்டி என்ன செய்யும்?' என்று எழுதிவிட்டு, அதுவும் உலரும்வரை காத்திருந்தேன். அடுத்த வாரம் அவள் ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தாள். இப்போது ஒவ்வொரு நோட்டிலும் அந்தச் சில நொடிகளை எதிர்பார்த்தே உட்காருகிறேன்.

குறைகளும் உண்டு. மை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால், கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, நிப்பில் ஒரு துளி திரண்டு விழக்கூடும். இது இவ்வகைப் பேனாக்களுக்கெல்லாம் பொதுவானது என்பதால், முழுதும் தீருமுன் நிரப்பிவிடுவது நல்லது. கட்டையைத் திருகி மூடும் மரையில் சிறிது சிலிக்கான் கிரீஸ் தடவினால் கசிவு இராது. வெயிலில் வைத்தால் கறுப்பு நிறம் வெளுத்துவிடும். மெல்லிய தாளில் மை ஊறி மறுபக்கம் தெரிகிறது. அத்தகைய நோட்டுகளுக்கு மெல்லிய நிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தும் தேர்வு நாள்களில் நான் பால்பாயின்ட்தான் எடுத்துச் செல்கிறேன். கட்டுரை நோட்டுக்கு இதைத் தவிர வேறு பேனாவைத் தொடுவதில்லை.