உப்புநீர்த் தொட்டியில் கல்லடுக்கும் கடற்புல் மேடையும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

என் தொட்டி நான்கடி நீளம், இரண்டடி அகலம். தண்ணீர் ஏறக்குறைய 400 லிட்டர் பிடிக்கும். இடது பக்கம் பவளங்களுக்கான கல்லடுக்கு, வலது பக்கம் ஆழமான மணலில் கடற்புல். பல வருடங்களாக இதே அமைப்புதான் ஓடுகிறது. எது காலத்துக்கும் நிற்கிறது, எது முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் அழகு என்பது இவ்வளவு நாள் கழித்துத்தான் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் கல். லிட்டருக்கு சுமார் 120 கிராம் கல் வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. நான் வைத்திருப்பது அதில் பாதி, 24 கிலோ அளவுக்கு. இதுவரை குறை எதுவும் தெரியவில்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லின் மேற்பரப்பில் குடியிருக்கும். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் இருப்பவை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். இரண்டுக்கும் தேவை துளைகள், எடை அல்ல. உருவம் பெரிதாக இருந்தும் தூக்கினால் லேசாக இருக்கும் கல்லைத் தேடி எடுங்கள்.

நான் எடுத்தது டிரை ராக், அதாவது உயிர் எதுவும் இல்லாத காய்ந்த கல். கடலுயிர்கள் ஒட்டியபடியே வரும் லைவ் ராக்கின் உயிர்ச்செழிப்பு இதில் வராது, ஆனால் எய்ப்டேசியா என்ற கடல் அனிமோனியும் வேட்டையாடும் மான்டிஸ் இறாலும் கூடவே வந்து இறங்கும் தொல்லையும் இல்லை. விலையாகக் கொடுக்க வேண்டியது பொறுமையை. முதலில் டயாட்டம் என்ற பழுப்பு நுண்பாசி, அப்புறம் பச்சை முடிப்பாசி என்று கல் பல மாதம் பார்க்கவே சகிக்காது. பழைய கடல்கல்லாக இருந்தால் உள்ளே சேர்ந்த பாஸ்பேட்டும் கசியும். அதனால் ஆர்ஓ தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, பாஸ்பேட் சோதனை இறங்கிய பிறகுதான் தொட்டிக்குள் விட வேண்டும். நம்பிக்கையான தொட்டியிலிருந்து கையளவு லைவ் ராக் ஒன்றை நடுவில் வைத்தால் கல்மேல் ஊதா மேலோடாகப் படியும் கொரலைன் பாசி சீக்கிரம் பரவும்.

கட்டும் வேலை முழுவதையும் வெளியே, காய்ந்த தரையில் முடித்துவிடுவது நல்லது. தொட்டியின் அடி அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி, அதன்மேல் கற்களை அடுக்கிப் பாருங்கள். ஒரு கல்லை இன்னொன்றின் மேல் வைத்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தால், ஓரிடத்தில் மூன்று முனைகளும் உட்கார்ந்து ஆட்டம் நின்றுவிடும். அங்கே பென்சிலால் ஒரு கோடு. பிறகு சூப்பர் க்ளூ ஜெல்லைத் தடவி, பொருத்தி, இடுக்கில் நுண்ணிய அரகோனைட் (சுண்ணாம்பு) மணலைத் தூவினால் நொடியில் இறுகும். அந்த நொடியில் சூடும் கண்ணெரியும் புகையும் கிளம்பும், ஆகவே ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும்.

இப்படிப் பசையும் மணலும் சேர்ந்த இணைப்புகள் இன்றுவரை அசையவில்லை. எபாக்சி (இரண்டு பகுதி கலந்து இறுகும் களிம்பு) மட்டும் வைத்து ஒட்டிய இரண்டு இடங்கள் நாளடைவில் விட்டுவிட்டன. எபாக்சி இடைவெளியை நிரப்பும், வடிவத்தைக் காக்கும், ஆனால் ஈரக்கல்லைக் கெட்டியாகப் பிடிக்காது. அதைத் தொட்டிக்குள் வைத்த நாளில் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும் நுரையை வழியவிடும். வளைவு போன்ற பாரம் தாங்கும் இடங்களில் துளையிட்டு அக்ரிலிக் கம்பி செருகுவதுதான் சரி.

கல்லடுக்கு கண்ணாடித் தளத்திலேயே உட்கார வேண்டும், மணல் அதற்குப் பிறகு. கோபி மீனும் பிஸ்டல் இறாலும் ஓயாமல் தோண்டுவதால், மணல்மேல் நிற்கும் கல் ஒருநாள் சரியும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர் விட்டதற்காக ஒவ்வொரு முறை கண்ணாடியைத் துடைக்க மேக்னெட் கிளீனர் ஓட்டும்போதும் சந்தோஷப்படுகிறேன். மேலே மூன்றில் ஒரு பங்கு வெற்றாகவே இருக்கட்டும். ஆரம்பத்தில் மொட்டையாகத் தெரியும் அந்த இடத்தைப் பவளங்களே நிரப்பிக்கொள்ளும்.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி, நடவு மேடை. கல்லால் 15 சென்டிமீட்டர் உயரச் சிறு சுவர் கட்டி, அதற்குள் 12 சென்டிமீட்டர் நுண்மணல் போட்டிருக்கிறேன். தொட்டியின் மற்ற இடங்களில் மணல் மூன்று சென்டிமீட்டர்தான். கடற்புல் பாசி இனமே அல்ல; வேரும் மண்ணுக்குள் ஓடும் தண்டும் பூவும் உள்ள அசல் தாவரம். தலாசியா மாதிரிப் பெரிய வகைக்கு இந்த ஆழம் கட்டாயம். ஹலோஃபிலா, ஹலோடூல் போன்ற சிறியவை குறைந்த ஆழத்திலும் பிழைக்கும்.

நட்டதும் பழைய இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து உதிரும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். வேர் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும். முதல் அடையாளம் கண்ணாடியோரத்தில் கிடைக்கும்: வெளிர்நிறத் தண்டு நுனி ஒன்று மணலுக்குள் கிடைமட்டமாக நகர்ந்து வரும், அதிலிருந்து புது இலை செங்குத்தாக எழும். ஆழத்தில் மணல் கறுத்திருந்தால் அது சல்ஃபைடின் அடையாளம். ஆரோக்கியமான புல் தன் வேர் வழியாக ஆக்சிஜனை மணலுக்குள் அனுப்பி அதைச் சமாளிக்கும். அந்தக் கறுப்பு அடுக்கைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு தண்ணீரில் கலந்து மீன்களைக் கொன்றுவிடும். அதனால் சைஃபன் குழாய் என் மேடைக்குள் போவதே இல்லை.

நைட்ரேட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கும் பழக்கம் இந்த அமைப்புக்கு ஒத்துவராது. நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம் வரை வைத்திருக்கிறேன். இரண்டும் வற்றிப்போனால் புல் மெலியும், டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் கோழைபோலப் படர வாய்ப்பும் கூடும். இரும்புச் சத்தும் கொஞ்சம் கொடுத்துவந்தால் பச்சை நன்றாக ஏறும்.

பாசி வைக்க ஆசைப்பட்டால் ஹலிமெடாவும் சிவப்பு கிராசிலேரியாவும் நல்ல தேர்வு. காலெர்பா மட்டும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மீட்டர் கணக்கில் நீண்டாலும் அது ஒரே செல். கல்லைப் பற்றிக்கொண்டால் முழுசாக எடுக்கவே முடியாது. இனப்பெருக்க நேரத்தில் ஒரே இரவில் வெளுத்துக் கரைந்து தண்ணீரைப் பாலாக்கிவிடும். தொட்டிக்கு வெளியே அதன் சேதம் இன்னும் பெரிது. காலெர்பா டாக்சிஃபோலியா 1984-இல் மொனாகோ கரையோரம் தென்பட்டு மத்தியதரைக் கடலில் பரவியது. 2000-இல் கலிஃபோர்னியாவில் கண்டுபிடிக்கப்பட்டு, ஒழித்துவிட்டதாக அறிவிக்க 2006 ஆனது. எந்தப் பாசியை வெட்டினாலும் துண்டுகளை உறைய வைத்துக் குப்பையில் போடுங்கள். சாக்கடையிலோ நீர்நிலையிலோ விடாதீர்கள்.

மீன் விஷயத்தில் கண்டிப்பு தேவை. டாங், ராபிட்ஃபிஷ் இரண்டும் தோட்டத்தை மேய்ந்துவிடும். கிளவுன், கார்டினல், கோபி போதும். இலைமேல் படியும் அழுக்குப்பாசியை செரித் நத்தைகள் பார்த்துக்கொள்கின்றன. அலையாத்திக் கன்றை நைட்ரேட் குறைக்கவென்று வாங்க வேண்டாம், அதன் வளர்ச்சி அவ்வளவு மெதுவு.

இந்த அமைப்பில் நான் மாற்ற நினைப்பது ஒன்றுதான். மேடைச் சுவரில் கற்களுக்கிடையே விட்ட விரலளவு இடுக்குகள் வழியாகப் புல்லின் தண்டு முன்பக்கம் வந்து, மூன்று சென்டிமீட்டர் மணலில் குட்டையாக வளர்கிறது. புதிதாகக் கட்டுபவர்கள் அந்த இடுக்குகளைப் பசையும் மணலும் வைத்து அடிவரை அடைத்துவிடுங்கள். ஏற்கெனவே வெளியே வந்தவற்றை நான் நுனியோடு வெட்டி மேடைக்குள்ளேயே திரும்ப நட்டுவருகிறேன்.