சாணைக்கல்லோடு ஐந்து ஆண்டுகள்: ஜெலுத்தோங் சமையலறையிலிருந்து

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில் இருந்த நான்கு கத்திகளில் ஒன்றுகூடத் தக்காளித் தோலை ஒழுங்காக வெட்டாது. அதற்கு முன்பெல்லாம் மோட்டார் சைக்கிளில் சாணைச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு அங்கிள் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வருவார். அவர் குரல் கேட்டதும் அம்மா கத்திகளையெல்லாம் பழைய துணியில் சுருட்டிக்கொண்டு இறங்குவார். ஊரே அடைந்து கிடந்தபோது அவரும் வரவில்லை. மூன்று வேளையும் வீட்டுச் சமையல், கையில் மழுங்கிய கத்தி. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இணையத்தில் ஒரு சாணைக்கல் வாங்கினேன்.

ஜப்பானியத் தயாரிப்பு, இருபக்கக் கல். செங்கல் நிறத்தில் இருக்கும் பக்கம் 1000, வெள்ளைப் பக்கம் 6000. அப்போது 130 ரிங்கிட் கொடுத்தேன். இந்த எண்கள் கல்லில் உள்ள துகள்களின் நுண்மையைக் குறிப்பவை. எண் கூடக்கூடத் துகள் சிறிதாகும். 1000 என்றால் ஏறக்குறைய 12 மைக்ரான், 6000 என்றால் 2 மைக்ரான் அளவு. முன்னது எஃகைத் தேய்த்துக் கூர் எடுக்கும், பின்னது அந்தக் கூரை வழவழப்பாக்கும். கம்பெனிப் பெயர் முக்கியமில்லை என்பதால் சொல்லவில்லை. இதே வகைக் கல்லைப் பல பேர் செய்கிறார்கள்.

முதல் மாதம் ஒன்றும் சரிப்படவில்லை. காணொளிகளில் காட்டியபடி முன்னும் பின்னும் தேய்த்தேன். கத்தியின் பக்கவாட்டில் கீறல் விழுந்தது, கூர் வரவில்லை. அப்போதுதான் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கும் பெரியப்பாவின் நினைவு வந்தது. லிட்டில் இந்தியா பக்கத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் முடிதிருத்தகம் நடத்தியவர் அவர். சிறு வயதில் அவர் கடையில் உட்கார்ந்து, நாற்காலியில் தொங்கும் தோல்வாரில் அவர் சவரக் கத்தியைச் சரக் சரக்கென்று தீட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பாலத்தைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போக முடியாத நேரம் அது. கைப்பேசியைக் குழாயடியில் சாய்த்து வைத்து, வீடியோவில் அவரிடம் காட்டினேன்.

ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். அப்புறம், "கை ஆடுதும்மா. ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு கோணத்துல போவுது. எங்க கத்திக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. முதுகையும் வாயையும் சேர்த்துக் கல்லுல படுக்க வெச்சுத் தீட்டுவோம். கோணம் கத்தியிலேயே இருக்கு. உன் கத்திக்கு உன் கைதான் முதுகு," என்றார்.

இந்த ஐந்து ஆண்டில் நான் படித்த, பார்த்த எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது அந்த ஒரு பேச்சு. அதற்குப் பிறகு கோணத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்க்காமல், முதுகு கல்லிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்க ஆரம்பித்தேன். என் கத்தியின் அகலம் 45 மில்லிமீட்டர். 15 பாகையில் தீட்ட முதுகு 12 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும், 20 பாகைக்கு 15 மில்லிமீட்டர். அட்டையை அந்த உயரத்துக்கு மடித்துக் கல் ஓரத்தில் வைத்து, ஒவ்வொரு முறை தீட்டத் தொடங்கும்போதும் அதில் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் அட்டை தேவைப்படவில்லை. மணிக்கட்டைப் பூட்டிவிட்டுத் தோளிலிருந்து அசைக்கக் கை தானாகவே பழகிக்கொள்கிறது.

இன்னொரு உபாயம், மார்க்கர் பேனாவால் கத்தி விளிம்பின் இரு பக்கமும் மை பூசிவிட்டு நான்கு தேய்ப்புத் தேய்த்துப் பார்ப்பது. மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் பட்டிருக்கிறது. விளிம்பில் முதுகை ஒட்டிய பகுதி மட்டும் அழிந்திருந்தால் கத்தி மிகவும் படுத்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

சரி, விஷயத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன்: பிசிறு. ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால், எஃகு மெலிந்து மெலிந்து, விளிம்பைத் தாண்டி மறுபக்கம் மயிரிழையாய் மடங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. கட்டை விரலை முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கமாக வழித்தால் நகக்கண்ணில் லேசாகத் தட்டும். (விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது.) அந்தத் தட்டல் கத்தியின் அடியிலிருந்து முனைவரை, ஒரு இடம் விடாமல் வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். அதற்குப் பிறகே திருப்ப வேண்டும். "நூறு தடவை தேய், இருநூறு தடவை தேய்" என்று எண்ணிக்கை சொல்பவர்களை நான் இப்போது கேட்பதில்லை. மழுங்கிய கத்திக்கு இருநூறும் போதாது, நேற்றுத் தீட்டிய கத்திக்கு இருபதே அதிகம். எப்போது நிறுத்துவது என்பதைப் பிசிறுதான் சொல்லும்.

இரு பக்கமும் பிசிறு எழுந்த பிறகு அதை நீக்க வேண்டும். எனக்கு இது புரிய ஓராண்டு ஆனது. அந்த ஓராண்டும் ஒரே கதைதான்: தீட்டிய அன்று கத்தி காகிதத்தைக் காற்றைப் போல வெட்டும், மறுநாள் வெங்காயத்தில் வழுக்கும். கூர் போய்விட்டது என்று நினைத்து மறுபடி தீட்டுவேன். உண்மையில் நான் வெட்டிக்கொண்டிருந்தது பிசிறால். அது மெல்லிய கம்பிபோல நிமிர்ந்து நின்று முதல் நாள் வெட்டும், பலகையில் நான்கு முறை பட்டதும் மடங்கிவிடும். இப்போது கடைசிப் பத்துத் தேய்ப்புகளைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, கத்தியின் சொந்தப் பாரம் மட்டும் கல்லில் படும்படி தேய்க்கிறேன். பிறகு நாளிதழை நாலாக மடித்துக் கல்மேல் வைத்து, விளிம்பு பின்னால் வரும்படி இழுக்கிறேன். ஊரடங்கு தளர்ந்து பெரியப்பாவைப் பார்க்கப் போனபோது தன் பழைய தோல்வாரையே கொடுத்துவிட்டார். ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்திருக்கிறேன். நாளிதழும் வேலை செய்யும், ஆனால் வாரில் தீட்டினால் வரும் ஓசை, கை சரியாகப் போகிறதா என்று சொல்லிவிடுகிறது.

என் கல்லை 10 முதல் 15 நிமிடம் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். குமிழி வருவது நின்றால் ஊறிவிட்டது என்று பொருள். 6000 பக்கத்துக்கு அவ்வளவு தேவையில்லை, தெளித்தால் போதும். எல்லாக் கல்லும் இப்படியில்லை. ஷாப்டன் போன்ற கெட்டியான வகைகளை ஊறப்போடக் கூடாது, மேலே தெளித்தாலே போதும். தேய்க்கும்போது எழும் சேற்றைக் கழுவிக்கொண்டே இருக்காதீர்கள். அந்தச் சேறும் சேர்ந்துதான் எஃகை அரைக்கிறது.

6000 பக்கத்தை இப்போது அதிகம் தொடுவதில்லை. இதை வாங்குவதற்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். 1000த்தில் முடித்த விளிம்புக்குக் கண்ணுக்குத் தெரியாத சிறு பற்கள் இருக்கும். தக்காளித் தோல், மிளகாய், கத்திரிக்காய் எல்லாவற்றையும் அது கவ்விக்கொள்ளும். 6000த்தில் வழவழப்பாக்கிய கத்தி மீனுக்கு அருமை. வஞ்சிரத்தைத் துண்டு போட்டால் வெட்டுமுகம் கண்ணாடிபோல் இருக்கும். நாள்தோறும் காய் நறுக்க அது வேண்டியதில்லை.

எனக்கென்று ஒரு சோதனை உண்டு. வீட்டில் அசாம் லக்சா (புளிப்பு மீன் குழம்பில் நூடுல்ஸ்) செய்தால் மேலே தூவ புங்கா கந்தான் என்னும் இஞ்சி இனப் பூவின் மொட்டை நூல் நூலாகச் சீவ வேண்டும். அடுக்கடுக்கான இதழ். மழுங்கிய கத்தி அதை நசுக்கும், ஓரம் பழுப்பேறும், வாசனை பலகையிலேயே போய்விடும். கூரான கத்தியில் இளஞ்சிவப்பு மாறாமல் சுருள் சுருளாக விழும். சௌரஸ்தா சந்தையில் வாங்கிய ஒரு மொட்டை முதல் முறையாக அப்படிச் சீவிய நாளில் அம்மா ஒரு சுருளை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ வாசமா இதுக்கு?" என்றார். செராயும் (எலுமிச்சைப் புல்) அப்படித்தான். நாராய்ப் பிரியாமல் வட்டம் வட்டமாக விழுந்தால் சம்பாலே வேறு ருசி.

கத்திகளைப் பற்றி. பாசாரில் மலிவாகக் கிடைக்கும் தாய்லாந்துக் கீவி கத்திதான் எங்கள் வீட்டில் அதிகம் உழைப்பது. அலகு மெல்லியது, எஃகு மிருதுவானது, கல்லில் ஐந்தே நிமிடத்தில் கூராகிவிடும். இந்த வகை எஃகை அடிக்கடி தீட்ட வேண்டும், ஆனால் தீட்டுவது அவ்வளவு சுலபமாக இருக்கும்போது அதில் குறையொன்றும் எனக்குத் தெரியவில்லை. பெரிய சுவிஸ் கத்தி ஒன்று உண்டு, அதை 20 பாகையில் தீட்டி வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். கோழி எலும்பு வெட்டும் தடித்த சீனக் கத்திக்கு 25 பாகைக்குக் குறைத்ததில்லை. மெல்லிய கத்தியால் எலும்பைக் கொத்தி ஒருமுறை விளிம்பில் பல் விழுந்துவிட்டது. அதை 1000த்தில் தேய்த்தே எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அப்புறம்தான் 400 கல் ஒன்று வாங்கினேன். உடைந்த விளிம்புக்கு மட்டும்தான் அது.

தம்பி பரிசாகக் கொடுத்த கார்பன் எஃகுக் கத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் இருக்கும், இதில் கிட்டத்தட்ட இல்லை. பினாங்கின் ஈரக்காற்றில் எலுமிச்சை வெட்டிவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போய்த் திரும்பினால் செம்புள்ளி வந்திருக்கும். ஆனால் கல்லில் அது தரும் உணர்வு வேறு எந்தக் கத்தியிலும் கிடைக்காது. பிசிறு சுத்தமாக எழுந்து சுத்தமாக உதிர்கிறது. வெட்டி முடித்த உடனே கழுவி, துடைத்து, நாள் கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் துளி எண்ணெய் தடவி வைக்கிறேன். பெரியப்பா தன் சவரக் கத்திகளை அப்படித்தான் வைத்திருந்தார். அந்தப் பராமரிப்புக்கு மனமில்லாதவர்கள் இந்த ஊரில் கார்பன் கத்தி வாங்க வேண்டாம்.

நீண்ட நாள் பயன்பாட்டில் கல்லே மாறுகிறது. நடுவில் அதிகம் தேய்ப்பதால் குழி விழும். குழிந்த கல்லில் கோணம் நிற்காது. நான் எட்டு மாதம் இதைக் கவனிக்காமல் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இரும்பு அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது. தடித்த கண்ணாடித் தகட்டின்மேல் 220 எண் ஈர உப்புத்தாளை விரித்து, கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, எல்லாக் கோடும் அழியும்வரை தேய்த்தால் சமமாகிவிடும். இப்போது மூன்று முறை தீட்டினால் ஒருமுறை சமன்படுத்துகிறேன், ஐந்து நிமிட வேலை.

இரண்டு தவறுகள் செய்தேன். ஈரத்தோடு பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வைத்ததில் கல்லில் கரும்பூஞ்சை பிடித்தது. சரியென்று அடுத்த முறை பால்கனி வெயிலில் காயப்போட்டேன், 6000 பக்கத்தில் மயிரிழை விரிசல் விட்டது. நிழலில், காற்றோட்டமாக, ஓரத்தில் நிறுத்தி இரண்டு நாள் உலரவிடுவதுதான் வழி.

இடுக்கில் வைத்து இழுக்கும் சிறு கருவி ஒன்றையும் இதற்கு முன்பு வைத்திருந்தேன். சட்டென்று ஒரு கூர் வரும், ஆனால் எஃகைச் சுரண்டிப் பிய்த்துவிடுகிறது. கோணத்தையும் நாம் மாற்ற முடியாது. அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத வளையத்தில் இருபக்கமும் நாலு இழுப்பு இழுப்பது அதைவிட மேல். அம்மா காலமெல்லாம் செய்துவந்தது அதைத்தான்.

அம்மாவுக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. "இவ்ளோ கூரா எதுக்குமா, கை போயிரும்" என்று கூரான கத்தியை ஒளித்து வைத்துவிட்டுப் பழையதையே எடுப்பார். ஒருநாள் மஞ்சள் பூசணியில் அந்த மழுங்கிய கத்தியை அழுத்தியபோது அது தோலில் வழுக்கி அவர் இடதுகைச் சுட்டுவிரலில் ஏறிவிட்டது. இரண்டு தையல். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை, அந்தக் கத்தியை நான் அன்றைக்கே தீட்டியிருக்க வேண்டும். மழுங்கிய கத்திக்கு அழுத்தம் அதிகம் தேவை, அழுத்தம் அதிகமானால் அது போகும் வழி நம் கையில் இல்லை. விரல் ஆறிய பிறகு கூரான கத்தியை அவர் கையில் கொடுத்து, அழுத்தாமல் இழுக்க மட்டும் சொன்னேன். இப்போது ஞாயிறு மாலை நான் கல்லை ஊறப்போடாவிட்டால் அவரே கேட்கிறார்.

இன்று வாங்குவதானால் ஒரே ஒரு 1000 கல், சமன்படுத்த உப்புத்தாள், பழைய நாளிதழ். இவ்வளவுதான் வாங்குவேன். விலையுயர்ந்த கத்திக்குச் சேர்த்துவைத்த காசை மீன் வாங்க வைத்துக்கொள்ளலாம்.

என் கல்லின் 1000 பக்கம் பாதிக்குமேல் தேய்ந்துவிட்டது. போன மாதம் புதியது வாங்கினேன். பழையதை எறியவில்லை. அம்மாவின் அரிவாள்மனை பாட்டி காலத்தது, வளைந்த அலகு, தட்டையான கல்லில் வைத்துத் தீட்ட வழியில்லை. அதைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தேய்ந்து இலேசான அந்தக் கல்லைக் கையில் எடுத்து வளைவோடு ஓட்டினால் ஒழுங்காகப் படிகிறது. கையில் பிடிக்க அதன் இப்போதைய கனம் சரியாக இருக்கிறது.