பிரிட்டனில் லைசென்ஸ்: கியரா, ஆட்டோமேட்டிக்கா?

இந்திய லைசென்ஸ் அங்கே குடியேறிய 12 மாதம்தான் செல்லும். நேரடியாக மாற்றித் தரமாட்டார்கள். புரொவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்) வாங்கித் தேர்வு எழுதியே ஆகவேண்டும். சரி, எந்தக் காரில் தேர்வு?

செலவு: கட்டணம் இரண்டுக்கும் ஒன்றே. தியரி 23 பவுண்டு, வாரநாள் சாலைத் தேர்வு 62. பயிற்சி வகுப்பு மட்டும் ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் கூடுதல்.

பயன்: கியர் காரில் தேறினால் இரண்டையும் ஓட்டலாம். ஆட்டோமேட்டிக்கில் தேறினால் அது மட்டும்தான்.

எளிமை: ஆட்டோமேட்டிக். மேட்டில் கிளட்ச் பயமில்லை, கவனம் முழுக்க ரவுண்டானாவில் இருக்கும்.

ஊரில் கியர் ஓட்டிப் பழகியவர்கள் அதையே எடுங்கள், அங்கேயும் இடப்பக்கம்தான். முதன்முறை ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்கும், மின்சாரக் கார் வாங்கப்போகிறவர்களுக்கும் ஆட்டோமேட்டிக் போதும்.